இரண்டாம் மேசை

முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

பெரிய மூப்பர். அவருடைய மனைவி. அவர்களின் மகள். அவர்களின் இரண்டு மகன்மார். சின்ன மூப்பர். அவருடைய மனைவி. அவர் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பெற்றோல் செட்டில் இரவு வேலை முடித்துவிட்டு நித்திரை கொள்ளாமல் வந்த மூன்று பெடியன்கள். ஊரில் கணக்குப் படிப்பித்த வாத்தியார். பாட்டு எடுத்துக்கொடுக்கும் அன்ரி. அவருடைய புருசன், வாயைத் திறந்தபடி நித்திரை. மாதம் ஒருமுறை வந்துபோகும் போதகர், தமிழ்நாட்டுக்காரர். அந்தக் கோயிலைக் கட்டிய ஆட்களின் வழியில் வந்த ஸ்கொட்லாந்துக் கிழவர். அவருடைய தங்கச்சி, அவரும் கிழவிதான்.

பிறகு அப்பா. அம்மா. நான். தம்பி. எங்கள் வீட்டில் பக்கத்து அறையில் குடியிருந்த ஒருவர். சொந்தமில்லை. சித்தப்பா என்று கூப்பிடுவோம்.

அவ்வளவு பேர்தான்.

பெரிய மூப்பரின் மகள் போன கிழமை எனக்குப் போன் எடுத்தாள். சபைக்கு நாற்பது வருடம் முடிகிறதாம். நினைவு மலர் போடுகிறார்களாம்.

"உனக்கு அந்தக் காலம் ஞாபகம் இருக்கும்தானே? ஒரு பக்கம் எழுதித் தா. ஸ்னோ விழுந்தது, கரோல் பாடப் போனது, அப்பிடி. சந்தோசமா எழுது, என்ன?"

"நான் எழுதிப் பழகின ஆள் இல்லை."

"பரவாயில்லை. நாங்கள் திருத்துவம்."

திருத்த வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு வேதப்புத்தகத்தில் படித்த தமிழ்தான். பதினாறு வயதில் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தையும் விட்டேன். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை. மற்றவர்களின் ஊத்தை எனக்குப் புதிது இல்லை. இரத்தம், சலம், சத்தி எல்லாம் கை படாமல் மடிக்கத் தெரியும். ஒன்றுக்கும் எனக்கு அருவருப்பு இல்லை. அந்த மாரிகாலத்தை மட்டும் கை படாமல் மடிக்கத் தெரியவில்லை.

இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அந்த மண்டபத்தில் என்னோடு கதிரைகளுக்கு இடையில் ஓடி விளையாடியவர்களுக்கு. இப்போது நீங்களும் ஐம்பதை எட்டிவிட்டீர்கள். சுகருக்கும் பிரஷருக்கும் குளிசை போடுகிறீர்கள். போன மாதம் மண்டப வாசலில் இருக்கும் பித்தளைத் தகட்டுக்குக் கீழே நின்று படம் எடுத்து வட்ஸப்பில் போட்டீர்கள். அந்தத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பெருப்பித்துப் பார்த்தேன். "இத்தமிழ்ச் சபை பதினேழு பேருடன் ஆரம்பிக்கப்பட்டது."

அதைப் பார்த்தபின்தான் எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

கோயில் ஸ்ட்ரெதம் பக்கம். அதை நாங்கள் கட்டவில்லை. இங்கிலீசுக்காரரும் கட்டவில்லை. அதைக் கிழவர் ஒவ்வொரு கிழமையும் சொல்லுவார். அவருடைய பாட்டன் பேக்கரியில் பாண் போடுகிறவராம். வடக்கே ஒரு பள்ளத்தாக்கிலிருந்து ரயில் ஏறி வந்தவராம். அவரோடு கல் பொளிகிறவர்கள், தச்சர்கள், வீட்டு வேலைக்காரப் பெண்கள் என்று ஒரு கூட்டம் வந்ததாம். இவர்கள் கதைப்பது விளங்கவில்லை என்று லண்டன் சனம் சிரித்ததாம். அறை வாடகைக்குக் கொடுக்க மறுத்ததாம். அதனால் தங்களுக்கென்று கோயில் கட்டினார்களாம். பிரஸ்பிட்டேரியன் கோயில். அந்தச் சொல்லை எழுத இன்றைக்கும் எனக்குச் சிரமம்.

"நாங்களும் உங்களைப் போல வந்த சனம்தான்" என்பார் கிழவர். அவருடைய ஆட்களில் காலை ஆராதனைக்கு வருகிறவர்கள் நாலைந்து கிழடுகள்தான் மிச்சம். பின்னேரத்தை எங்களுக்குத் தந்தார். கதவுத் திறப்பையும் பெரிய மூப்பரின் கையில் தந்தார்.

மண்டபம் நாறும். சுவரில் உயரத்தில் ஒரு காஸ் ஹீற்றர். அதைப் போட்டால் தூசி எரியும் மணம். நனைந்த கோட்டுகளிலிருந்து நாய் மணம். பியானோவுக்குள் எலி செத்துக் கிடந்து இரண்டு கிழமை யாருக்கும் தெரியவில்லை. பாட்டுக்கார அன்ரி கட்டையை அமத்த அமத்த மணம் கூடிக்கொண்டு வந்தது. குசினியில் வெளிர்ப் பச்சை நிறத்தில் கப்பும் சோசரும் அடுக்கியிருக்கும். உள்ளே தேத்தண்ணிக் கறை பிடித்து வளையம் வளையமாக இருக்கும். எனக்கு அந்தப் பச்சைக் கப்பில் விருப்பம். முதல் ஞாயிறு அதில்தான் குடித்தேன். அதுதான் கடைசியும்.

அன்றைக்கு எல்லாரும் குடித்து முடிய அம்மா எழும்பி, கப்புகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பெரிய மூப்பரின் மனைவி அங்கே நின்றார்.

"ஊரில எவ்விடம் பிள்ளை?"

அம்மா ஊரின் பேரைச் சொன்னார்.

"ஊர் தெரியும். அதில எவ்விடம்? றோட்டுக்கு மேற்கையோ கிழக்கையோ?"

"கிழக்கை."

"கிழக்கையெண்டால் குளத்தடியோ?"

"குளத்தையும் தாண்டி."

"ஆ."

 அம்மாவின் கையில் இருந்த கப்பை வாங்கவில்லை. "அதில வையும்" என்று சிங்குக்குப் பக்கத்தைக் காட்டினார். "நீர் விடும், நான் கழுவுறன்."

சாதி. வேறொன்றுமில்லை. நாங்கள் எந்தச் சாதி என்று நான் இங்கே எழுதமாட்டேன். உங்கள் வீட்டில் வயதானவர்களைக் கேளுங்கள், பிசகாமல் சொல்லுவார்கள். பிளேனில் பாஸ்போர்ட்டைக் கிழித்துக் கக்கூஸுக்குள் போட்டுவிட்டு வந்து இறங்கிய ஆட்கள் இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு எங்கள் ஐந்து பேருக்கும் வெள்ளை நுரைக் கப்பில் தேத்தண்ணி வந்தது. மற்றவர்களுக்குப் பச்சைக் கப்.

"சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடு. உடையாத கப்தான் நல்லது" என்றார் மூப்பரின் மனைவி.

அப்பா தன் கப்பைப் பார்த்தார். "எனக்கு நாப்பத்திரண்டு வயசு" என்று சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். சித்தப்பா, "எனக்குப் பிள்ளையே இல்லை அண்ணை" என்றார். இருவரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

நுரைக் கப் பல்லில் பட்டால் கீச்சென்று கத்தும். தம்பி அதன் விளிம்பைக் கடித்துக் கடித்துத் துப்புவான். வெள்ளைப் பொட்டுகள் தேத்தண்ணியில் மிதக்கும். அதோடு குடிப்பான்.

பெரிய மூப்பர் எல்லாரையும் "நீங்கள்" என்றுதான் கதைப்பார். பெற்றோல் செட் பெடியன்களைக்கூட. என் அப்பாவை "நீர்" என்பார். அப்பா அவரிலும் மூன்று வயது மூத்தவர்.

ஐப்பசி முடியும் நேரம் கிழவர் ஒரு துணிப்பை கொண்டுவந்தார். மாவுப்பை மாதிரிச் சின்னப் பை. மேசையில் கொட்டினார். எல்லாம் ஈயத்துண்டுகள். பெருவிரல் நகம் அளவு. ஒரு பக்கம் அவர்களின் ஊர்க் கோயிலின் எழுத்து. மறுபக்கம் சிலதில் ஒன்று, சிலதில் இரண்டு. தொட்டால் விரலில் சாம்பல் நிறம் ஒட்டும். மணந்தால் கைப்பு.

கிழவர் விளக்கம் சொன்னார். நான் பள்ளிக்கூடம் போய் ஒரு வருடம். இங்கிலீசு எனக்கு நன்றாக விளங்கும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விளங்காது.

கிழவர் சொன்னது இது. அவர்களின் ஊரில் திருவிருந்துக்கு முதல் மூப்பர் வீடு வீடாகப் போவார். அடுப்படியில் இருப்பார். கொடுப்பதைக் குடிப்பார். ஆரோடும் சண்டை சச்சரவு உண்டா என்று கேட்பார். பிறகு ஈயக்காசு கொடுப்பார். ஞாயிறு அதைக் கையளித்தால்தான் மேசையில் இருக்கலாம். கோயில் சின்னது, சனம் கனக்க. அதனால் ஒன்று போட்ட காசுக்காரர் முதல் பந்தி, இரண்டு போட்டவர் அடுத்த பந்தி. இட வசதிக்காக, வேறொன்றும் இல்லை.

இதைச் சொல்லிவிட்டுக் கிழவர் நிறுத்தவில்லை. "என் பாட்டன் காலத்திலேயே இதை விட்டுவிட்டோம்" என்றார். "ஆர் தகுதி, ஆர் தகுதி இல்லை என்று மனிதர் பார்த்துக் காசு கொடுப்பது அசிங்கம் என்று விட்டோம். காசு கிடைக்காத ஒரு பெண் மழையில் கோயில் வாசலில் நின்றாளாம். அவளைப் பார்த்தபின் ஒருவருக்கும் பாண் இறங்கவில்லையாம்."

பெரிய மூப்பர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"இவை வலு ஒழுக்கமான சனம். மூப்பர் வீடு வீடாப் போய்ப் பாத்து, தகுதியான ஆக்களுக்குத்தான் ஈயக்காசு குடுப்பாராம். முதலாம் மேசை, இரண்டாம் மேசை எண்டு ஒழுங்கு இருந்ததாம். எங்களுக்கும் உப்பிடி ஒரு ஒழுங்கு வேணும்."

நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, அவர் அதை விட்டிட்டம் எண்டெல்லோ சொன்னவர்."

"சும்மா இரு. பெரியாக்கள் கதைக்கேக்கை."

வீடு வீடாகப் போய் இருந்து குடிக்கும் தங்கள் ஊர்ப் பழக்கத்தை நாங்கள் திரும்ப எடுக்கப்போகிறோம் என்று மட்டும் பெரிய மூப்பர் இங்கிலீசில் சொன்னதும் கிழவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுகின. துடைக்காமல் பெரிய மூப்பரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பையை அவரிடமே கொடுத்தார்.

வீட்டுக்குப் போனபின் அம்மா என்னைப் பிடித்து வைத்து எல்லாத்தையும் திரும்பச் சொல்லச் சொன்னார். விட்டுவிட்டோம் என்ற பகுதி அவர் காதில் ஏறவில்லை. மூப்பர் வீட்டுக்கு வருவார், இருப்பார், குடிப்பார் என்ற பகுதிதான் ஏறியது.

"இருந்து குடிக்கவேணும் எண்டு கிழவர் சொன்னவரோ?"

"ஓம்."

"வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் அம்மா."

ஊரை விட்டபின் அம்மா திருவிருந்து எடுக்கவில்லை. ஊரில் எங்கள் பக்கத்துக்குத் தனிக் கோயில். அங்கே எங்கள் ஆட்களோடுதான் இருந்து எடுத்தவர். இங்கே ஒரே கோயில், ஒரே மேசை. பெரிய மூப்பர் எங்கள் வீட்டில் இருந்து தேத்தண்ணி குடிக்கவேண்டும். எல்லாரோடும் ஒரு மேசையில் இருந்து பாண் எடுக்கவேண்டும். இவ்வளவுதான் அம்மாவுக்கு வேண்டியிருந்தது. வீடு வேண்டும், விசா வேண்டும் என்றுகூட அவர் அப்படிக் கேட்டு நான் பார்க்கவில்லை.

அப்பா சொன்னார், "வரமாட்டினம்."

"வருவினம். அது அந்தச் சனத்தின்ர ஒழுங்கு."

"அது அந்தச் சனத்தின்ர ஒழுங்கு. வரப்போறது எங்கட சனம்."

"இது லண்டன்."

அப்பா பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

நாங்கள் ஒரு மீன் பொரியல் கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தோம். படிக்கட்டு முழுக்க எண்ணெய் மணம். கைபிடியைத் தொட்டால் பிசுபிசுக்கும். அம்மா கந்தோர் துப்பரவு வேலை முடித்து வந்து, அந்தப் படிக்கட்டைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சினார். மற்ற நாளும் உரஞ்சினார். சந்தையில் ரோசாப்பூப் போட்ட கப்பும் சோசரும் வாங்கினார். சனிக்கிழமை றோல்ஸ் சுட்டார். கட்டிலை மறைத்துத் திரை கட்டினார். தம்பிக்குச் சீப்பால் தலை இழுத்து, கதிரையில் இருத்தி, அசையக் கூடாது என்றார்.

பெல் அடித்தது. அம்மா கீழே ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு, மேலே ஏறிவந்து நின்றார். "வாங்கோ அண்ணை, வாங்கோ அக்கா, மேல வாங்கோ."

பெரிய மூப்பர் நாலாவது படியில் நின்றுவிட்டார். அவருடைய மனைவி கீழே வாசலில். மூக்கைப் பொத்தி லேஞ்சி.

"இல்லைத் தங்கச்சி. நேரம் போட்டுது. இன்னும் ஆக்களின்ர வீடு கிடக்கு."

"தேத்தண்ணி ஊத்திப் போட்டன் அண்ணை. ஒரு வாய்."

"வாற வீட்டில எல்லாம் குடிச்சுக் குடிச்சு வயிறு முட்டிப்போச்சு."

கீழே இருந்து குரல் வந்தது. "என்னப்பா, மணக்குது, கெதியா வாங்கோ."

அம்மா படியிறங்கிப் போனார். அவருக்கு மேலே இரண்டு படி விட்டு நின்று கையை நீட்டினார். பெரிய மூப்பர் கோட்டுப் பைக்குள் விரலை விட்டார். மோதிர விரலும் பெருவிரலுமாக ஈயக்காசை எடுத்தார். அம்மாவின் உள்ளங்கைக்குச் சாண் உயரத்தில் வைத்து விட்டார். முதலாவது சரியாக விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது விரலில் பட்டுத் தெறித்து, படியில் உருண்டு, அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்றது.

அவர் குனியவில்லை. காலைப் பின்னுக்கு எடுத்தார்.

அம்மா இறங்கிக் குனிந்து எடுத்தார். எடுத்துவிட்டு, "தாங்ஸ் அண்ணை" என்றார்.

எனக்கு எல்லாவற்றிலும் கேவலமாக இருந்தது அந்தத் தாங்ஸ்தான். அப்போது அம்மாவில் ஆத்திரம் வந்தது. இப்போது அம்மாவில் இல்லை.

மூன்று காசிலும் இரண்டு என்று இருந்தது. அப்பாவுக்கு, அம்மாவுக்கு, சித்தப்பாவுக்கு. அப்பா பேப்பருக்குப் பின்னால்தான் இருந்தார். விருந்தாளிகளுக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தம்பி குடித்தான். றோல்ஸ் எல்லாவற்றையும் தின்றான். பிறகு புதுச் சோசரில் சத்தி எடுத்தான். அம்மா அதைக் கழுவி, துடைத்து, கப்போடு பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

திருவிருந்து நாள் மண்டபத்தில் நீள மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தார்கள். பெரிய மூப்பர் வாசலில் தட்டோடு நின்று ஈயக்காசு வாங்கினார். ஒன்றுக்காரர் மேசைக்குப் போனார்கள். இரண்டுக்காரர் பின் வாங்கில் இருந்தோம். மேசையில் வெறுங்கதிரைகள் இருந்தன. பின்னால் இருந்து எனக்குத் தெரிந்தது.

அவர்கள் முடித்து எழும்பியபின் அப்பா, அம்மா, சித்தப்பா போய் இருந்தார்கள். கிழவரும் தங்கச்சியும் பின்னேர ஆராதனைக்குப் பிந்தித்தான் வருவார்கள். வந்து, இருந்த கதிரையில் இவர்களோடு இருந்தார்கள். அவர்களுக்கு எது முதல் எது இரண்டு என்று கவலை இல்லை. அம்மா குடித்த கோப்பையை வாங்கிக் கிழவி குடித்தார். உதட்டைத் துடைத்தார். அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அந்த ஒரு நிமிசம் நல்லது. அதையும் எழுதவேண்டும்.

முடிந்தபின் நான் குசினிக்குத் தண்ணி குடிக்கப் போனேன். பெரிய மூப்பரின் மனைவி மஞ்சள் கையுறை போட்டுக்கொண்டு கோப்பைக்குள் ப்ளீச் ஊற்றிக்கொண்டிருந்தார். வெள்ளிக் கோப்பை. ஸ்கொட்லாந்திலிருந்து அந்தப் பாண்காரப் பாட்டன் ஆட்கள் கொண்டுவந்தது. நிரம்ப ஊற்றி ஊற வைத்தார். மூக்கு எரிந்தது. என்னைக் கண்டதும், "என்ன பாக்கிறாய்? போ, போய் விளையாடு" என்றார்.

ப்ளீச் பட்டால் வெள்ளி கறுக்கும். கோப்பையின் உள்பக்கம் அடுப்புக்கரி மாதிரிக் கறுத்துப்போனது. அடுத்த ஞாயிறு கிழவி கோப்பையோடு வந்து நின்றார். ஆர் கழுவியது என்று கேட்டார். பெரிய மூப்பரின் மனைவி அம்மா நின்ற பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பொம்பிளை. கிளீனிங் வேலை செய்யிறவ. எல்லாத்துக்கும் ப்ளீச்தான் போடுவா." இதை இங்கிலீசில் சொன்னார். அவருடைய இங்கிலீசு அன்றைக்கு நன்றாக வந்தது.

கிழவி கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். அம்மாவிடம் வந்து, என்னைத் தமிழில் சொல்லச் சொல்லி, வெள்ளியை எப்படிக் கழுவுவது என்று ஆறுதலாகப் படிப்பித்தார். இளஞ்சூட்டுத் தண்ணி. மெல்லிய துணி. வேறொன்றும் வேண்டாம்.

"அம்மா, நீங்கள் கழுவேல்லையெண்டு சொல்லட்டோ? நான் கண்டனான்."

அம்மா பெரிய மூப்பரின் மனைவியைப் பார்த்தார். அவர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஓம், இனி அப்பிடிக் கழுவுறன் எண்டு சொல்லு."

"அம்மா!"

"சொல்லு. கதை முடியட்டும். இல்லாட்டி அடுத்த திருவிருந்துக்கு என்னை மேசைக்கு விடாயினம்."

சொன்னேன். கிழவி அம்மாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த திருவிருந்து பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை. இந்த முறை பெல் அடிக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் கதவில் கடிதம் போடும் ஓட்டைக்குள்ளால் என்னமோ விழுந்து சத்தம் கேட்டது. நான்தான் இறங்கிப் போனேன். கீழே பீட்சாக்கடைக் காகிதங்களுக்கு நடுவில் மூன்று ஈயக்காசு. உறைகூட இல்லை. கதவைத் திறந்து பார்த்தேன். பெரிய மூப்பரின் கார் திரும்பிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் மகள் இருந்தாள். எனக்குக் கை காட்டினாள். போன கிழமை போன் எடுத்தவள்தான்.

அம்மா காசைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு.

"நான் போகேல்லை" என்றார் அப்பா. சித்தப்பாவும் போகவில்லை என்றார்.

"நான் போறன்" என்றார் அம்மா. என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்.

வாசலில் பெரிய மூப்பர் தட்டை நீட்டினார். அம்மா காசைப் போடவில்லை. கையைப் பொத்திக்கொண்டு உள்ளே நடந்தார். நேரே மேசைக்குப் போனார். பாட்டுக்கார அன்ரிக்கும் கணக்கு வாத்தியாருக்கும் நடுவில் ஒரு வெறுங்கதிரை. அதில் இருந்தார்.

பெரிய மூப்பர் பின்னால் வந்தார். "தங்கச்சி, உம்மட மேசை பிறகு."

"எனக்கு ஐஞ்சு மணிக்கு வேலை அண்ணை. பிறகெண்டால் ஏலாது."

"அது ஒழுங்கில்லை."

"இடம் கிடக்குத்தானே."

பெரிய மூப்பரின் மனைவி சேலையை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பினார். பிறகு சின்ன மூப்பரின் மனைவி. சின்ன மூப்பர். பாட்டுக்கார அன்ரி எழும்பி, நித்திரையில் இருந்த புருசனைத் தட்டி எழுப்பினார். அவர் ஏன் என்று தெரியாமலே எழும்பினார். வாத்தியார் கதிரையைச் சத்தம் போடாமல் பின்னுக்குத் தள்ளி எழும்பினார், பண்பாக. பெற்றோல் செட் பெடியன்களில் இரண்டு பேர் எழும்பினார்கள். மூன்றாவது பெடியன் இருந்தான். அவன் முகம் சிவந்துபோயிருந்தது. "டேய், வாடா" என்றான் ஒருவன். அவனும் எழும்பினான்.

போதகர் பாண் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "என்னங்க இது?"

"ஐயா, இது எங்கட ஊர் விசயம். உங்களுக்கு விளங்காது" என்றார் பெரிய மூப்பர்.

"விளங்காம என்ன? எங்க ஊர்லயும் இருக்கு."

சொல்லிவிட்டு அவர் பாணைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். அம்மாவை மட்டும் பார்க்கவில்லை.

அப்போதுதான் கிழவரும் தங்கச்சியும் வந்தார்கள். நீள மேசையில் அம்மா தனிய இருக்க, மற்றவர்கள் எல்லாரும் சுவரோரம் நிற்கிறார்கள். கிழவி என்னிடம் குனிந்து, ஏதும் சுகமில்லையா, அம்மாவுக்கு ஏதும் தொற்று வருத்தமா என்று கேட்டார்.

"இல்லை. அவர்கள் எங்களோடு இருந்து சாப்பிடமாட்டார்கள்" என்றேன்.

"ஏன்?"

சாதிக்கு இங்கிலீசு எனக்குத் தெரியாது. "நாங்கள் ஊத்தை என்று நினைக்கிறார்கள்" என்றேன். பிறகு, "கோப்பையை அம்மா கழுவவில்லை. அம்மா குடித்ததால்தான் அவர்கள் ப்ளீச் ஊற்றினார்கள்" என்றேன்.

கிழவி நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேசைக்குப் போய் அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பாணுக்குக் கையை நீட்டினார்.

போதகர் பாணின் மேல் துணியை இழுத்து மூடினார். "ஜெபம் பண்ணுவோம்" என்றார். ஆசீர்வாதத்தைச் சொல்லி ஆராதனையை முடித்தார். அன்றைக்கு ஒருவருக்கும் பாண் இல்லை. எல்லாருக்கும் சமன் செய்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். சுவரோரம் நின்றவர்கள் ஆமென் சொன்னார்கள். பலமாக.

கிழவி நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு கிழவரிடம் ஏதோ சொன்னார். அவர்களின் ஊர்ப் பேச்சு. எனக்கு விளங்கவில்லை. கிழவர் தலையை ஆட்டினார். "அது அவர்களின் விசயம்" என்றார். அது விளங்கியது.

பிறகு தட்டில் இருந்த ஈயக்காசுகளைப் பைக்குள் கொட்டிக் கட்டினார். பையைத் தன் கோட்டுக்குள் வைத்தார். அதன்பின் அந்தப் பை மண்டபத்துக்கு வரவில்லை. அம்மாவின் காசை அவர் கேட்கவில்லை. அம்மா கொடுக்கவும் இல்லை. எழும்பி எங்கள் கோட்டுகளை எடுத்தார். "வேலைக்கு நேரமாச்சு" என்றார்.

அந்தக் கோயிலுக்கு நாங்கள் பிறகு போகவில்லை. மனோர் பார்க் பக்கம் வேறொரு தமிழ்ச் சபை. ரயிலும் பஸ்ஸும் மாறிப் போகவேண்டும். முதல் நாளே ஒரு அன்ரி சிரித்துக்கொண்டு வந்தார். "தங்கச்சிக்கு ஊரில எவ்விடம்?"

"லண்டன்" என்றார் அம்மா.

ஈயக்காசு மூன்றும் கொஞ்சக் காலம் அலுமாரி லாச்சிக்குள் கிடந்தன. எங்கள் மேசையின் ஒரு கால் கட்டை. சோறு போட்டால் ஆடும். அப்பா காசுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அந்தக் காலுக்குக் கீழே கொடுத்தார். ஆட்டம் நின்றது. மோர்டனுக்கு வீடு மாறும்போது மேசையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். காசும் அதற்குக் கீழே.

அம்மா போன வருடம் செத்துப்போனார். செத்தவீட்டுக்குப் பெரிய மூப்பரின் மகள் வந்தாள். மேலே ஏறிவந்து, இருந்து, எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தாள். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தாள். நான் ரோசாப்பூக் கப்பில்தான் கொடுத்தேன். நல்ல மாதிரித்தான் கதைத்தாள். போகும்போது என் கையைப் பிடித்தாள்.

"உங்கட அம்மா வலு நல்ல மனுசி. எனக்கு நல்ல ஞாபகம். சேர்ச்சில கப் கோப்பை எல்லாம் அவதானே கழுவுறவ. பாவம், ஒருக்கா வெள்ளிக் கோப்பையைக் கூடப் பழுதாக்கிப் போட்டா. எங்கட அம்மா ஒண்டும் சொல்லேல்லை."

நான் கையை எடுத்தேன். செத்தவீட்டில் வேறென்ன செய்வது.

அம்மா அந்த மண்டபத்தில் ஒரு கப்பும் கழுவவில்லை. கழுவ விடவில்லை.

இப்போது உங்கள் மண்டபத்தில் எல்லாருக்கும் காகிதக் கப் என்று கேள்விப்பட்டேன். திருந்திவிட்டோம் என்று மலரில் எழுதிவிடாதீர்கள். கழுவ ஆள் இல்லை, அதனால்தான். போன மாதம் எடுத்த படத்தை அனுப்பிய அதே குரூப்பில், அதற்கு அடுத்த செய்தியாக ஒரு மாப்பிள்ளை விபரம் வந்தது. வயது, உயரம், சொந்த வீடு, "நல்ல பகுதி." சாதிக்கு இப்போதைய பேர் அது. கீழே எல்லாரும் கை கூப்பிப் போட்டிருந்தீர்கள்.

ஸ்னோ விழுந்ததும் உண்மை. கரோல் பாடப் போனதும் உண்மை. அதை ஆரும் எழுதலாம்.

மலரில் இதைப் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். தகட்டை மட்டும் கழற்றித் திருத்துங்கள். மேலே ஒவ்வொருவராக எழுதியிருக்கிறேன். விரல் மடித்து எண்ணுங்கள். கைக்குழந்தையையும் சேர்த்து.

இருபத்திரண்டு.